நாவலர் பெருமானும் கஞ்சித்தொட்டித் தருமமும்

நல்லூரிலே 18.12.1822 இல் கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியருக்கு மகவாய் அவதரித்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். சைவத்தையும் தமிழையும் காத்த நாவலரை யாவரும் அறிவர். பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த நாவலரைப் பற்றி இங்கு சில வார்த்தைகள் எழுத விழைகின்றேன்.

பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பாடசாலையில் ஆசிரியராயிருந்த அவர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, சம்பள உத்தியோகத்தைத் துறந்தார். இல்லறத்தையும் நாடவில்லை. வீட்டுக்கு வீடு சேர்ந்த பிடியரிசியும் அப்பணிக்குக் கைகொடுத்தது. ஆகவே ஊரவரின் அடுப்படி நிலைமை அவர் அறியாததன்று.

1876 முதல் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பீடித்தது. இந்திய அரிசியை நம்பியிருந்த எமது குடாநாட்டிலும் விலை ஏறியது. 1877 இல் பஞ்சத்தோடு வாந்திபேதியும் சேர்ந்து ஏழைகளை வாட்டிற்று. நாவலர் அவர்கள் தனவந்தர்களிடம் பொருள் திரட்டி வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அதனோடு அமையாது, ஏழைகளின் துயரைக் கவனிக்கவில்லையென அரசாங்க அதிபர் துவைனந்துரையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 05.12.1879 இல் சிவபதமடைந்தார்.

சாதி ஆசாரத்தில் அவர் தம் காலத்து மனிதரே. அதில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. பசியைக் கண்டு பொறுக்காத அவர் மனத்தைப் பின்பற்றினாற் போதும்.

அடியேன் அரசாங்க இலிகிதராயிருந்த காலத்தில், இடம்பெயர்ந்தோரின் நிவாரண அட்டைகளில் எத்தனையோ பெயர்களைப் பதிந்தேன். ஒருவரது முகமும் நினைவில் இல்லை. ஓய்வுபெற்றபின், எமது ஆலய அன்னதானத்தில் சோறு பரிமாறுகையில் ஒரு மூதாட்டி, "தம்பி, நீங்கள்தானே எங்கட அட்டை எழுதினது? சுகமாய் இருக்கிறியளோ?" என்று விசாரித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வெட்கித்துப் போனேன். அன்று அவர் பக்கத்தில் இருந்து உண்டேன். பின்பு அவர் வீட்டுக்கும் போய்வந்தேன். அங்கே கண்டது எந்தக் கோவையிலும் இல்லாதது.

அன்னதான உபயகார அன்பர்களே! பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிவந்து பரிமாறுங்கள். ஒரே பந்தியில் அமருங்கள். ஒருவரது பெயரையேனும் கேட்டறிந்து, அடுத்த கிழமை அவர் படலையைத் தட்டுங்கள். நாவலர் பெருமானுக்கு நாம் செய்யும் குருபூசை அதுவேயாகும்.

எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.