மேகம் மறைத்தது, கோவில் தெரிந்தது!

வில்லியனூர்த் தேர் என்றால் பக்கத்து ஊரான ஒதியம்பட்டில் தெரியாதவர் இல்லை. அந்தத் திருக்காமீசுவரர் கோவிலை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்து வியந்தார். அதைத் தம் புத்தகத்திலும் எழுதினார்.

அவர் கோவில் பார்க்க வந்தவர் அல்ல. வானத்தைப் பார்க்க வந்தவர்!

அவர் பெயர் லெ ஜாந்தி. 1725-ம் ஆண்டு பிரான்சில் பிறந்தவர். பெரிய வான நூல் நிபுணர்.

சுக்கிரனைத் தேடி

சுக்கிரன் சில சமயம் சூரியனுக்குக் குறுக்கே சிறு கரும்புள்ளிபோலச் செல்லும். எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை இது நடக்கும். அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

1761-ல் அது நிகழ இருந்தது. அதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க, 1760 மார்ச்சு மாதம் லெ ஜாந்தி கப்பல் ஏறினார்.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் அப்போது போர். கப்பல் மாஹே அருகே வந்தபோது இடிபோல ஒரு செய்தி கிடைத்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது! கப்பல் திரும்பியது. ஜூன் 6-ந் தேதி நடுக்கடலில் ஆடும் கப்பலில் நின்றபடி சுக்கிரனைப் பார்த்தார். அளவு எடுக்க முடியவில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த முறைக்காக எட்டு ஆண்டுகள் காத்திருக்கத் துணிந்தார்!

காத்திருந்த காலம்

1768 மார்ச்சு மாதம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. இடிந்த கோட்டையின் மீது அவருக்கு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். சென்னை ஆங்கிலேயர், பகையை மறந்து நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்து உதவினார்கள்.

சுக்கிரன் வர ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்த ஓய்வில் அவர் ஊர் சுற்றினார். வில்லியனூர் கோவிலைப் பார்த்தார். கோபுரங்கள் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்று கவனித்தார்.

வீராம்பட்டினம் பக்கம் போனார். அங்கே ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களை மக்கள் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய ராஜா ஒருவரின் கோட்டை என்றார்கள். வெட்டவெளியில் ஒரு கருங்கல் சிலையும் இருந்தது. அது புத்தர் சிலை என்று அறிந்து குறித்துக்கொண்டார்.

தமிழர் ஒருவரிடம் நம் சோதிடக் கணக்கையும் கற்றார். சோழிகளை வைத்து, மனப்பாடமாகக் கணக்குப் போட்டார் அந்தத் தமிழர். 1765-ம் ஆண்டுச் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அவர் கணக்குக்கு வந்த பிழை 41 விநாடி. ஐரோப்பாவின் புகழ்பெற்ற அட்டவணைக்கு வந்த பிழை 68 விநாடி!

விடியற்காலை

1769 ஜூன் 4-ந் தேதி விடிந்தது. அதுவரை தெளிவாக இருந்த வானத்தை மேகம் மூடியது! சுக்கிரன் சூரியனைக் கடந்து போகும்வரை மேகம் விலகவில்லை. எல்லாம் முடிந்தபிறகு சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது.

அவர் மனம் உடைந்தது. பல நாட்கள் பேனாவைத் தொடவில்லை.

1771-ல் பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே இன்னொரு அடி! அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, உறவினர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய இடமும் போயிருந்தது. வழக்காடினார். கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். மணம் செய்துகொண்டார். 1792-ல் காலமானார்.

மண் சொன்ன கதை

லெ ஜாந்தி எழுதிய பயண நூல் 1779-லும் 1781-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அவர் குறித்துவைத்த அந்த ஆற்றங்கரைதான் இன்றைய அரிக்கமேடு! 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். ரோமாபுரியோடு தமிழர் நடத்திய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான வாணிபத்தின் சின்னங்கள் வெளிவந்தன.

பதினோரு ஆண்டு அலைந்தும், தேடி வந்த சுக்கிரன் லெ ஜாந்திக்குக் கிட்டவில்லை. பொழுதுபோக்காகப் பார்த்து எழுதிய செங்கல்லும் சிலையும் நம் சரித்திரத்துக்குக் கிடைத்துவிட்டன.