கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். சி. வி. இராமனுடன் இணைந்து 1928-இல் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர் என்றே இவர் பொதுவாக அறியப்படுகிறார். ஆனால் படிகங்களின் காந்தப் பண்புகள், உலோகங்களின் மின்தடை, உயர் வெப்பநிலையில் திண்மங்களில் நிகழும் வெப்பக் கடத்தல் ஆகியவற்றில் இவர் ஆற்றிய பணி அதனினும் நீண்டது.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ளது. தந்தையார் தமிழ், வடமொழி இலக்கியங்களில் பயிற்சியுடைய வேளாண் குடியினர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், பின்னதிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். 1920-இல் கல்கத்தா சென்றார்.

இராமனுடன்

1923 முதல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் கீழ் ஆய்வு செய்தார். 1928 பிப்ரவரியில் நடந்த சோதனைகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அவ்வாண்டு மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் வெளியான அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது பற்றிய விவாதம் இன்றும் எழுவதுண்டு. அவ்விவாதமே இவருடைய பிற ஆய்வுகளை மறைத்துவிட்டது எனலாம்.

படிகங்களும் உலோகங்களும்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வாறு மாறுகிறது என்பதை நுட்பமாக அளந்தார். 1933-இல் மீண்டும் கல்கத்தா வந்தார். அங்கு கரியின் ஒரு வடிவமான கிராஃபைட்டை ஆராய்ந்தார். கிராஃபைட்டு தன் அடுக்குகளின் போக்கில் மின்சாரத்தை நன்கு கடத்தும். அடுக்குகளுக்குக் குறுக்கே மிகக் குறைவாகவே கடத்தும். வெப்பத்துக்கும் இது பொருந்தும். 1940-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அக்காலத்தில் ஏ. பி. பாட்டியாவுடன் உலோகங்களில் எதிர்மின்னிகள் சிதறுவதால் மின்தடை உண்டாகும் விதத்தை ஆராய்ந்தார்.

வெப்பக் கடத்தல் ஆய்வு

திண்மத்தின் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு, பொருள் இடம்பெயராமலே வெப்பம் செல்வது வெப்பக் கடத்தல் எனப்படும். அணுக்களின் அதிர்வு அண்டை அணுக்களுக்குப் பரவுவதால் இது நிகழ்கிறது. உலோகங்களில் பெரும்பங்கு வெப்பத்தைக் கட்டற்ற எதிர்மின்னிகள் சுமந்து செல்கின்றன. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்கு கடத்துவது இதனாலேயே. காய்ந்த மண் இதற்கு நேர்மாறானது. கிருஷ்ணன் பிறந்த ஊருக்குக் கிழக்கே, அதே மாவட்டத்திலுள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வறண்ட நிலப்பகுதி. அங்கு கோடைப் பகலில் தரை காலைச் சுடும். ஓர் அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகக் குறைவு. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

ஒரு பொருள் எவ்வளவு எளிதில் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைக் குறிப்பது வெப்பக் கடத்துதிறன். சாதாரண வெப்பநிலையில் இதை அளப்பது எளிது; தண்டின் பக்கங்களில் வெப்பம் கசியாதபடி மூடினால் போதும். தண்டு ஆயிரம் பாகைக்கு மேல் செஞ்சூடாக ஒளிரும்போது எந்த உறையும் பெரிதாகப் பயன்படாது. தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதன் பரப்பிலிருந்து வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறும்.

1947-இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கிருஷ்ணன், அங்கு எஸ். சி. ஜெயினுடன் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். இழப்பைத் தடுக்க முயலாமல் அதையே கணக்கில் சேர்த்தது இவர்கள் முறையின் சிறப்பு. வெற்றிடத்தில் ஒரு மெல்லிய நீண்ட தண்டின் வழியே மின்சாரம் செலுத்தப்படுகிறது. தண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் கதிர்வீச்சாகவே வெளியேறுவதால், அங்கு வெப்பநிலை ஒரே சீராக இருக்கும். முனைகளைப் பிடித்திருக்கும் பற்றிகள் குளிர்ந்தவை என்பதால் அவற்றை நோக்கி வெப்பம் கடத்தப்பட்டு, வெப்பநிலை சரிகிறது. கடத்துதிறன் மிகுந்தால் முனையின் குளிர்ச்சி தண்டினுள் நெடுந்தொலைவு எட்டும். குறைந்தால் முனையருகே அடங்கிவிடும். ஆகவே இச்சரிவை அளந்தால் கடத்துதிறனைக் கணக்கிடலாம்.

நான்காம் அடுக்கு காரணமாக இதன் சமன்பாடு எளிதில் தீர்வதன்று. ஆயினும் நடுப்பகுதியை ஒட்டி வெப்பநிலை வேறுபாடு சிறிதாக இருப்பதால் அங்கு அது எளிய வடிவம் பெறுகிறது. மின்விளக்கு இழைகளை ஆராய்ந்த லாங்மியூர் முதலியோர் முனை இழப்பை முன்பே கருதியிருந்தனர். கிருஷ்ணனும் ஜெயினும் அதை முறையான கோட்பாடாக விரித்து, சோதனையுடன் 1954-இல் அரச கழக இதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டனர். புதிய கருவி எதையும் நாடாத, பழைய இயற்பியலிலேயே ஊன்றிய ஆய்வு இது. இவருடைய பணிகளில் குறைவாகப் பேசப்படுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

இதற்கு முன், சூடான கிராஃபைட்டுக் குழிவிலிருந்து சிறு துளை வழியே வெளிவரும் எதிர்மின்னிகளை அளந்து வெப்ப எதிர்மின்னி உமிழ்வையும் இருவரும் ஆராய்ந்திருந்தனர்.

சிறப்புகள்

1946-இல் சர் பட்டமும் 1954-இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவர் இவரே. 1961 ஜூன் மாதம், ஆய்வக இயக்குநராக இருக்கும்போதே தில்லியில் காலமானார். தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.