பாட்டு தேடிப் போன மனுஷன்

எந்த ஹாஸ்டலை எடுத்துக்கிட்டாலும் கிட்டார் வைத்திருக்கிற ஒருத்தன் இருப்பான். நாலு கார்டு கைக்கு வந்ததும் அவன் வாசிக்கிற முதல் பாட்டு அநேகமா 'கன்ட்ரி ரோட்ஸ்' தான். கல்ச்சுரல்ஸில் அதை பாடாத வருஷமே கிடையாது. எனக்கும் கன்ட்ரி மியூசிக் என்றால் ரொம்ப நாள் வரைக்கும் அந்த ஒரு பாட்டுதான். பிறகு ஒரு ஸ்டடி லீவில், படிக்க வேண்டியதை விட்டுட்டு யூடியூப்பில் ஒவ்வொன்றாக பின்னால் போய்க்கொண்டே இருந்ததில், ஒரு கருப்பு வெள்ளை போட்டோவில் போய் நின்றேன். ஒரு பெண் கையில் பெரிய கிட்டார். இன்னொரு பெண் மடியில் ஆட்டோஹார்ப். கூடவே நெட்டையாக, கோட் போட்ட ஒரு ஆள். அவர் கையில் எதுவுமே இல்லை. ஒரு பேண்டில் எதுவும் வாசிக்காமல் ஒருத்தர் எதுக்கு நிற்கிறார் என்றுதான் முதலில் தோணுச்சு. அவர்தான் ஏ.பி. கார்ட்டர்.

முழுப் பெயர் ஆல்வின் ப்ளெஸன்ட் டிலேனி கார்ட்டர். 1891 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கிளின்ச் மலையின் அடிவாரத்தில் பிறந்தார். அந்த இடத்தின் பெயரே ஏழைப் பள்ளத்தாக்கு. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பணக்காரப் பள்ளத்தாக்கு. கதைக்காக நான் வைத்த பெயர்கள் இல்லை, மேப்பில் 'பூவர் வேலி', 'ரிச் வேலி' என்று இப்பவும் பார்க்கலாம். அவர் வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இடி விழுந்ததாம். பிறந்த குழந்தைக்கு கை நடுக்கம், வளர்ந்ததும் குரலிலும் நடுக்கம். அந்த இடிதான் காரணம் என்று அம்மா கடைசி வரை நம்பினார். காரணம் எதுவாக இருந்தாலும் நடுக்கம் நிஜம். ரெக்கார்டுகளில் அவர் குரல் லேசாக ஆடுவது இன்றைக்கும் கேட்கும்.

சின்ன வயதில் வேலை தேடி இண்டியானா போனார், ரயில்வேயில் சேர்ந்தார், டைஃபாய்டு வந்து வீட்டுக்கே திரும்பினார். அப்புறம் பழமரக் கன்றுகளை ஊர் ஊராக நடந்து விற்கிற வேலை. அப்படி மலையைத் தாண்டிப் போன ஒரு நாளில், ஒரு வீட்டில் ஒரு பெண் ஆட்டோஹார்ப் வாசித்துக்கொண்டே ரயில் விபத்து ஒன்றைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பெயர் சாரா டோஹர்ட்டி. தாழ்ந்த, கனமான குரல். 1915 ஜூனில் கல்யாணம். ஏழைப் பள்ளத்தாக்குக்கு வாழ வந்தாள்.

பதினோரு வருஷம் கழித்து ஏ.பி.யின் தம்பி எஸ்ராவுக்கும் கல்யாணம். பொண்ணு மேபெல், சாராவுக்குத் தங்கை முறை. மேபெல் கிட்டார் வாசிக்கிற விதமே தனி. கட்டை விரலால் கனமான கம்பிகளில் மெட்டை எடுப்பார், மற்ற விரலால் மேல் கம்பிகளைத் தடவி தாளம் போடுவார். ஒரே ஆள் வாசிக்கிறாரா ரெண்டு பேரா என்று சந்தேகம் வரும். இதற்கு 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்று பெயர். இன்றைக்கு யூடியூப்பில் ஃபோக் கிட்டார் கற்றுக்கொள்கிறவர்கள் எப்படியும் இந்தப் பாடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டினேன், கட்டை விரல் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

1927 கோடையில் விக்டர் ரெக்கார்ட் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்ற ஊருக்கு வந்து இறங்கினார். அந்த ஊர் ஒரு விசேஷம். மெயின் ரோட்டின் நடுவில் மாநில எல்லை. ஒரு பக்கம் வர்ஜீனியா, எதிர்ப் பக்கம் டென்னஸி. முன்பு தொப்பி கம்பெனி இருந்த ஒரு கட்டடத்தில் பியர் மெஷின்களை வைத்தார். இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங் பேசியே ஆகணும். அதற்கு ரெண்டு மூணு வருஷம் முன்பு வரை ரெக்கார்டிங் என்றால் ஒரு பெரிய புனல் முன்னால் நின்று கத்துவது. சத்தத்தின் அழுத்தமே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கிழிக்கும். மெதுவாகப் பாடினால் ஊசி அசையாது. மைக்ரோஃபோனும் ஆம்ப்ளிஃபயரும் வந்த பிறகுதான் வீட்டுத் திண்ணையில் பாடுவது மாதிரி பாடினாலும் பதிவாகும் என்ற நிலை வந்தது. மேபெலின் விரல் கம்பியைத் தடவுவது நமக்குக் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்த மைக்.

பிரிஸ்டல் சுமார் 25 மைல் தூரம். கார் இருந்தது தம்பி எஸ்ராவிடம் மட்டும். மேபெலுக்கு அப்போது 18 வயது, எட்டு மாசக் கர்ப்பிணி. தம்பி சம்மதிக்கவில்லை. சோளக் கொல்லையில் களை எடுத்துத் தருகிறேன் என்று ஏ.பி. பேரம் பேசி காரை வாங்கியதாகச் சொல்வார்கள். சாராவின் கைக்குழந்தை ஜோ, அவனைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகள் கிளாடிஸ், எல்லாரும் ஒரே வண்டியில். ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆற்றில் இறங்கி, பஞ்சர் ஒட்டி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 1 அன்று நாலு பாட்டு, மறுநாள் காலையில் ரெண்டு. பாட்டுக்கு 50 டாலர். மறுநாள் பாடிய ரெண்டிலும் ஏ.பி.யின் குரலே இல்லை. அதில் ஒன்று, கல்யாணமாகாத பெண்ணின் சுதந்திரத்தையும் கல்யாணமான பெண் தொட்டில் ஆட்டிக்கொண்டு கிடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற பாட்டு. சாராவுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. பியர் வற்புறுத்தியதால் பாடினார். கடைசியில் அதுதான் நல்லா விற்றது. அதே வாரம் 4ஆம் தேதி அதே மைக் முன்னால் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற இன்னொருத்தர் பாடினார். கன்ட்ரி மியூசிக் அந்த ஊரில் பிறந்தது என்று பிரிஸ்டல்காரர்கள் சொல்லிக்கொள்வது இந்த ஒரு வாரத்தை வைத்துத்தான்.

இனிமேல்தான் கதை சிக்கலாகுது.

பியர் வியாபாரி. பாட்டு பழசாக, யாருடையது என்று தெரியாததாக இருந்தால் காப்பிரைட் கிடையாது, ராயல்டியும் கிடையாது. புதுசாக இருக்கணும், இல்லை புதுசு மாதிரி ஆக்கியிருக்கணும். அப்போதுதான் பதிவு பண்ண முடியும், அவர் கம்பெனிக்கும் காசு, கார்ட்டருக்கும் காசு. அதனால் ஏ.பி.யின் வேலை பாட்டு கொண்டு வருவது என்று ஆனது. மரக்கன்று விற்ற அதே கால்கள். வீடு வீடாகப் போய், பாட்டி யாராவது பாட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்பார். ஒரு இடத்தில் ரெண்டு வரி, இன்னொரு இடத்தில் ஒரு சரணம், பழைய பாட்டுப் புத்தகத்தில் ஒரு கிழிந்த பக்கம். எல்லாவற்றையும் சேர்த்து, ஒட்டி, நீளத்தை வெட்டி, மூணு நிமிஷ ரெக்கார்டுக்கு ஏற்ற மாதிரி ஒன்றாக்கி விடுவார். வாத்தியம் வாசிக்காத ஆள் பேண்டில் எதற்கு என்ற என் கேள்விக்குப் பதில் இதுதான்.

அவருக்கு ஒரு குறை. வார்த்தைகளை எழுதிக்கொள்வார், மெட்டு மனசில் நிற்காது. 1928 வாக்கில் டென்னஸியின் கிங்ஸ்போர்ட்டில் லெஸ்லி ரிடில் என்ற கருப்பின இளைஞரைச் சந்தித்தார். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போயிருந்தது, துப்பாக்கி வெடித்ததில் வலது கையில் ரெண்டு விரலும் இல்லை. மிச்ச விரல்களை வைத்து தனக்கென்று ஒரு கிட்டார் வாசிப்பை உண்டாக்கியிருந்தார். ஒரு தடவை கேட்டால் மெட்டு அவருக்குள் ஏறிவிடும். ஏ.பி. சொற்களை எழுத, ரிடில் ராகத்தைப் பிடித்துக்கொள்ள, ரெண்டு பேரும் சேர்ந்து பதினைந்து தடவை போல பயணம் போனார்கள்.

அது எந்த அமெரிக்கா என்பதை மறக்கக் கூடாது. தென் மாநிலங்களில் வெள்ளையருக்குத் தனி, கருப்பருக்குத் தனி என்று பள்ளிக்கூடம், ரயில் பெட்டி எல்லாமே சட்டப்படி பிரித்து வைத்திருந்த காலம். அந்தக் காலத்தில் ரிடில் கார்ட்டர் வீட்டிலேயே வாரக்கணக்கில் தங்கினார். மேபெல் அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்து சில வாசிப்புகளைக் கற்றுக்கொண்டார். ஏ.பி. தனியாகப் போயிருந்தால் திறக்காத கருப்பின மக்களின் வீட்டுக் கதவுகளும் சர்ச்சுகளும் ரிடில் கூட இருந்ததால் திறந்தன. அங்கிருந்து வந்த பாட்டுகள் கார்ட்டர் ஃபேமிலி ரெக்கார்டுகளில் ஏறின. 'கேனன்பால் ப்ளூஸ்' ரிடில் சொல்லிக்கொடுத்தது. லேபிளில் இருக்கிற பெயர் ஏ.பி. கார்ட்டர்.

ஒன்றிரண்டு பாட்டு மட்டும் இல்ல. 'வைல்ட்வுட் ஃப்ளவர்' 1860இல் அச்சான ஒரு பாட்டு, வாய்வழியாக வந்ததில் வார்த்தைகள் பாதி உருமாறிப் போனது. 'கீப் ஆன் தி சன்னி சைட்' 1899இல் வந்த சர்ச் பாட்டு. எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஓட்டுகிற அதே பிளேஜியரிசம் சாஃப்ட்வேரில் ஏ.பி.யைப் போட்டால் மொத்தமும் சிவப்பாக வரும். அதே சமயம், அவர் நடந்து போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டிகளோடு எத்தனை பாட்டு போயிருக்கும் என்பதும் உண்மை. காப்பாற்றியவரா, எடுத்துக்கொண்டவரா என்று கேட்டால் என்னால் ஒன்றை மட்டும் சொல்ல முடியல. ரிடில் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெயர் லேபிளில் வந்திருக்கணும்.

பாட்டு தேடிப் போனவருக்கு வீட்டைப் பார்க்க நேரம் இல்லை. பல நாள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. சாராதான் விறகு, வயல், மூணு பிள்ளைகள் எல்லாம். சாராவை இங்கே அங்கே காரில் கூட்டிப்போக ஏ.பி. தன் உறவுக்காரப் பையன் கோய் பேய்ஸை ஏற்பாடு பண்ணினார். சாராவும் கோயும் காதலித்தார்கள். விஷயம் தெரிந்ததும் கோயின் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. 1933இல் சாரா மலையைத் தாண்டி தன் ஊருக்கே போய்விட்டார். பிள்ளைகள் ஏ.பி.யிடம். 1936இல் விவாகரத்து. இதில் எனக்கு நம்பவே முடியாதது என்னவென்றால், இவ்வளவுக்குப் பிறகும் மூணு பேரும் ஒரே மைக் முன்னால் நின்று பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1938இல் டெக்ஸஸ் எல்லையில் இருந்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. ரேடியோவுக்குப் போனார்கள். நடத்தியவர் பிரிங்க்லி என்ற டாக்டர். ஆட்டின் விரையை எடுத்து ஆண்களுக்குப் பொருத்தி வீரியம் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் சம்பாதித்து, கேன்ஸஸில் லைசென்ஸ் பறிபோனவர். அமெரிக்காவுக்குள் 50,000 வாட்டுக்கு மேல் ஒலிபரப்ப அனுமதி இல்லை என்பதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவில் ட்ரான்ஸ்மிட்டர் நட்டு, அதைப் போல பத்து மடங்கு பவரில் அனுப்பினார். டானிக் விளம்பரத்துக்கு நடுவில் கார்ட்டர் ஃபேமிலி பாட்டு, பாதி கண்டத்துக்கும் கேட்டது. ஆர்க்கன்ஸாவில் பருத்தி எடுக்கிற வீட்டில் உட்கார்ந்து கேட்ட சின்னப் பையன்களில் ஒருத்தன் ஜானி கேஷ்.

1939இல் ஒரு இரவு, சாரா அந்த மைக்கில் ஒரு காதல் பாட்டை கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய்க்கு என்று பெயர் சொல்லிப் பாடினார். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்ளாதவர்கள். கோய் அங்கே ரேடியோவில் கேட்டார், கார் எடுத்துக்கொண்டு டெக்ஸஸ் வந்தார், பிப்ரவரியில் கல்யாணம் ஆனது. அந்தப் பாட்டு ஏ.பி. பெயரில் பதிவான பாட்டு. சாரா அதைப் பாடும்போது அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1943இல் குழு கலைந்தது. சாரா கலிஃபோர்னியா போனார். மேபெல் தன் மூணு மகள்கள் ஹெலன், ஜூன், அனிட்டாவோடு தனிக் குழு அமைத்து 1950இல் நாஷ்வில் போய் 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யில் ஏறினார். ஜூன் பின்னாளில் அதே ஜானி கேஷைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். ஏ.பி. ஏழைப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி ஒரு மளிகைக் கடை போட்டார். ரயில் தண்டவாளத்தில் தனியாக நடப்பது அவர் வழக்கம். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதுகளில் சாரா, ஜோ, ஜேனட்டோடு மறுபடியும் கொஞ்சம் ரெக்கார்ட் செய்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960 நவம்பர் 7 அன்று இறந்தார். 1970இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட முதல் குழு கார்ட்டர் ஃபேமிலிதான்.

பாட்டை விட்டுவிடக் கூடாது என்று அப்பா கடைசி நாளில் கேட்டதை ஜேனட் மறக்கவில்லை. 1974இல் அந்தப் பழைய கடையிலேயே சனிக்கிழமை ராத்திரிக் கச்சேரி ஆரம்பித்தார். கூட்டம் தாங்காமல் தம்பி ஜோ பக்கத்திலேயே ஒரு கொட்டகை கட்டினார். கார்ட்டர் ஃபோல்ட் என்று பெயர். எலெக்ட்ரிக் வாத்தியம் கூடாது, மது கூடாது. 2003 ஜூலை 5 அன்று, ஜூன் இறந்து ரெண்டு மாசம் கூட ஆகாத நிலையில், ஜானி கேஷ் கடைசியாக மேடை ஏறியது அங்கேதான். ஜேனட்டும் ஜோவும் இப்போது இல்லை. ஜேனட்டின் மகள் ரீட்டா ஃபாரெஸ்டர் அதைத் தொடர்ந்தார்.

லெஸ்லி ரிடில்? 1942இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டருக்குக் குடிபோனார். கொஞ்ச நாளில் கிட்டாரை விற்றுவிட்டார். 1965இல் மைக் சீகர் என்ற இசைக் கலைஞர், மேபெல் சொன்னதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டும் வரைக்கும், தனக்குத் தெரிந்ததைக் கேட்டு யாரும் வரவில்லை. சீகர் திரும்பத் திரும்பப் போய் அவரை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற அந்த ஆல்பம் 1993இல் வந்தது. அதைக் கேட்க ரிடில் உயிரோடு இல்லை.