மயிரிழை இடைவெளியும் ஒரு பொறியாளரும்

நுழையும்முன்
நெல்வயலின் வரப்பில் நண்டு ஒன்று வளை தோண்டினால், பயிருக்கு நிற்க வேண்டிய நீர் அவ்வழியே கசிந்து வீணாகும். வளை சிறியது, இழப்போ பெரியது. நீரைப் போலவே நீராவியும் சிறு வழி கிடைத்தால் நழுவி ஓடும். அந்த நீராவியின் கசிவோடு போராடிய பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இடுக்கி அணையின் நீர் மலையைக் குடைந்த குழாய்களின் வழியே இறங்கி, மூலமட்டம் மின் நிலையத்தில் சுழலிகளைச் சுழற்றுகிறது. எல்லைக்கு அப்பால் நெய்வேலியிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அனல்மின் நிலையங்கள் உள்ளன. அங்கே நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சுழலிகளை இயக்குகின்றனர். மின்சாரம் ஆக்குவதற்கு உகந்த நீராவிச் சுழலியை உலகுக்கு அளித்தவர் சார்லஸ் பார்சன்ஸ்.

பார்சன்ஸ் 1854ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அயர்லாந்தில் உள்ள பிர் என்னும் ஊரின் கோட்டையில் வளர்ந்தார். அவருடைய தந்தை ராஸ் பிரபு ஒரு வானியலறிஞர். அக்காலத்தில் உலகிலேயே பெரிதாக இருந்த தொலைநோக்கியைத் தம் கோட்டை வளாகத்திலேயே அமைத்தவர். அங்கிருந்த உலைக்களமும் பட்டறையும் சிறுவன் பார்சன்ஸுக்கு விளையாட்டுக் களங்களாயின. அவர் பள்ளிக்குச் செல்லவில்லை. ஆசிரியர்கள் வீட்டுக்கே வந்து கற்பித்தனர். பின்னர் டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1877இல் கணிதத்தில் சிறப்புடன் தேறினார்.

பிரபு குடும்பத்து இளைஞர் ஒருவர் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்வது அக்காலத்தில் வழக்கமன்று. பார்சன்ஸ் நியூகாசில் நகரை அடுத்த எல்ஸ்விக் தொழிற்சாலையில் சேர்ந்து, இரும்பையும் எந்திரங்களையும் கையால் தொட்டுக் கற்றார். 1884இல் கேட்ஸ்ஹெட் நகரின் கிளார்க் சாப்மன் நிறுவனத்தில் இளைய பங்காளர் ஆனார்.

அந்நாளில் உந்துதண்டு முன்னும் பின்னும் அசையும் நீராவி எந்திரங்களே இருந்தன. மின்னாக்கிக்கு வேண்டிய மிகுந்த வேகத்தை அவை நேரடியாகத் தரவில்லை. நீராவியை ஒரே பாய்ச்சலில் விரியவிட்டால், அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சுழலக்கூடிய சக்கரம் அமைப்பதும் அரிது. பார்சன்ஸ் இதற்கு எளிய வழி கண்டார். மலைச்சரிவில் படிப்படியாக நீரை இறக்குவது போல, நீராவியின் அழுத்தத்தைப் பல சிறு படிகளாகக் குறைத்தார். உறையில் பொருத்திய நிலையான தகடுகளின் வரிசை நீராவிக்குத் திசை காட்டும். தண்டில் பொருத்திய தகடுகளின் வரிசை அதனால் சுழலும். இவ்வாறு வரிசைகள் மாறிமாறி அமைந்தன. 1884இல் அவர் செய்த முதற்சுழலி நிமிடத்திற்கு 18,000 முறை சுழன்று, 7.5 கிலோவாட் மின்சாரம் தந்தது.

ஆனால், அச்சுழலி நீராவியை மிகுதியாக விழுங்கியது. அதற்கு ஒரு முதன்மைக் காரணம் கசிவு. சுழலும் தகட்டின் நுனிக்கும் அசையாத உறைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிடில் இரண்டும் உரசி எந்திரம் சிதையும். அந்த இடைவெளி வழியே நழுவும் நீராவி தகட்டைத் தள்ளுவதில்லை. வேலை செய்யாமலே வெளியேறிவிடும். சிறிய சுழலியில் தகடுகள் குட்டையானவை. எனவே அதே மயிரிழை இடைவெளியும் அங்கே பெரும்பங்கை இழக்கச் செய்யும். நழுவிய நீராவியை உண்டாக்க எரித்த நிலக்கரியும், அதை வெட்டி எடுத்தவரின் உழைப்பும் வீணே.

இடைவெளியை அடைக்கவும் முடியாது. அப்படியே விடவும் முடியாது. பார்சன்ஸ் நீராவியின் வழியைக் கடினமாக்கினார். சுழலும் தண்டைச் சுற்றிலும் அதை ஒட்டிய உறையிலும் மெல்லிய வரம்புகளையும் பள்ளங்களையும் அடுத்தடுத்து அமைத்தார். நழுவ முயலும் நீராவி ஒரு குறுகிய இடுக்கில் நுழையும். அடுத்த பள்ளத்தில் சுழன்று தன் வேகத்தை இழக்கும். மீண்டும் ஓர் இடுக்கு, மீண்டும் ஒரு பள்ளம். இறுதியில் வெளியேறுவது சிறிதளவே. எந்தப் பகுதியும் மற்றொன்றைத் தொடாததால் உரசலும் இல்லை. இதனைப் புதிர்வழி அடைப்பு என்பர்.

1889இல் கருத்து வேறுபாட்டால் பார்சன்ஸ் தம் பங்காளர்களைப் பிரிந்தார். அவருடைய சுழலியின் காப்புரிமை பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டது. தாம் கண்டுபிடித்ததைத் தாமே செய்ய இயலாத நிலை! அவர் சோர்ந்துவிடவில்லை. நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். தண்டின் நெடுக்கே நீராவி ஓடும் பழைய அமைப்பைத் தவிர்த்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் வேறோர் அமைப்பை உருவாக்கினார். 1892இல் கேம்பிரிட்ஜ் மின் நிலையத்துக்காகச் செய்த 100 கிலோவாட் சுழலியைப் பேராசிரியர் யூயிங் சோதித்தார். நீராவிச் சிக்கனத்தில் அது நல்ல உந்துதண்டு எந்திரங்களுக்கு இணையாக நின்றது. 1894இல் பழைய காப்புரிமையும் அவரிடம் மீண்டது.

1897இல் விக்டோரியா பேரரசியின் வைர விழாவையொட்டி ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. பார்சன்ஸின் டர்பினியா என்னும் சிறு கப்பல் அவற்றினிடையே மின்னலெனப் பாய்ந்தது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல் செல்லவல்ல அதனைப் பிடிக்கக் காவற்படகுகளால் இயலவில்லை. சில ஆண்டுகளில் பெரும்போர்க்கப்பல்களும் பயணக்கப்பல்களும் நீராவிச் சுழலியால் இயங்கின. முதற்சுழலி உருவாகி முப்பது ஆண்டுகளுக்குள் 25,000 கிலோவாட் சுழலி ஒன்றைச் சிகாகோ நகருக்காக அவருடைய தொழிற்சாலை செய்தது.

1911இல் சர் பட்டமும், 1927இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயரிய சிறப்பும் பார்சன்ஸைத் தேடி வந்தன. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில், கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இன்றைய மாபெரும் சுழலிகளிலும் தண்டைச் சுற்றிப் புதிர்வழி அடைப்புகள் உள்ளன. கசிவை மேலும் குறைக்கப் பொறியாளர்கள் இன்றும் உழைக்கின்றனர். கசிவு குறையுமளவுக்கு எரிக்கும் நிலக்கரியும் குறையும். வானில் கலக்கும் புகையும் குறையும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடைவெளியையும் பொருட்படுத்திய ஒருவரின் உழைப்பு, நம் வீட்டு விளக்கொளியிலும் கலந்திருக்கிறது.

சொற்பொருள்
வளை – பொந்து. சுழலி – டர்பைன். மின்னாக்கி – ஜெனரேட்டர். காப்புரிமை – கண்டுபிடிப்பின் மீதான சட்ட உரிமை. வரம்பு – இங்கு, சிறு விளிம்பு.

சிந்தித்து எழுதுக
1. தகட்டின் நுனிக்கும் உறைக்கும் இடையே இடைவெளி ஏன் தேவை?
2. புதிர்வழி அடைப்பு நீராவியின் வேகத்தை எவ்வாறு குறைக்கிறது?
3. காப்புரிமையை இழந்த பின் பார்சன்ஸ் என்ன செய்தார்?
4. உம் வீட்டிலோ வயலிலோ தோட்டத்திலோ காணும் ஒரு கசிவையும், அதைத் தடுக்கும் வழியையும் ஐந்து தொடர்களில் எழுதுக.