ஒலியை விற்றவர், பாட்டை ஈந்தவர்

ஏட்டில் எழுதிய பாட்டு கற்றோர் சிலரைச் சேரும்; குரலேறிய பாட்டோ ஊரெங்கும் உலவும். பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் நம் வட்டத்தின் மலரில், தமிழ்ப் பாட்டை ஊரெங்கும் உலவவிட்ட ஏவி. மெய்யப்பச் செட்டியாரை நினைவுகூர்வது சாலப் பொருந்தும்.

1907 ஜூலை 28இல் காரைக்குடியில் பிறந்தார் அவர். தந்தை ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. விற்பதோடு நில்லாமல் ஆக்கவும் வேண்டும் என எண்ணிய இளைஞர், சென்னை சென்று 1932இல் நண்பர்களோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடியன் முத்திரையில் தமிழ் இசைத்தட்டுகள் அங்கிருந்து வெளிவந்தன.

1935இல் எடுத்த முதற்படம் ‘அல்லி அர்ஜுனா’ கைகொடுக்கவில்லை. எனினும் அவர் சோரவில்லை. நடிப்பவரே பாட வேண்டும் என்றிருந்த காலத்தில், 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பின்னணியில் சேர்த்தார். தமிழ்த்திரையில் பின்னணிப் பாடலுக்கு அதுவே தொடக்கம். 1945இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகி ருக்மணிக்காக பி.ஏ. பெரியநாயகியின் குரல் ஒலித்தது.

போருக்குப் பின் காரைக்குடியில் கீற்றுக்கொட்டகைகளிலேயே படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். அங்கு உருவாகி 1947 தொடக்கத்தில் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில், பாரதி பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாடினார். விடுதலை வருமுன்பே விடுதலைப் பாட்டு மக்கள் செவியை எட்டியது. 1948இல் நிலையம் வடபழனிக்குப் பெயர்ந்தது.

இனிச் சொல்வதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை முன்பே வேறொரு வணிகரிடம் விலைபோயிருந்தது. மெய்யப்பர் அதனைப் பணம் கொடுத்து வாங்கினார். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது, தம் உரிமையைக் காக்க வழக்குக்கும் எழுந்தார். மகாகவியின் பாட்டு ஒருவர் உடைமையாவதோ என எழுத்தாளரும் கலைஞரும் குரலெழுப்பினர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949இல் பாரதி பாடல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, மெய்யப்பர் பொருள் ஏதும் பெறாமல் தம் உரிமையை ஈந்தார். வணிகர் வாங்கியதைக் காக்க முனைந்தது இயல்பு. கேட்டபோது விலையின்றிக் கொடுத்ததே பெருமை.

1979 ஆகஸ்டு 12இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவர் நிறுவனத்தார் எடுத்த ‘முரட்டுக்காளை’க்கு இசையமைத்தவர், நம் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரம் தந்த இளையராஜா. காரைக்குடியில் தொடங்கிய ஒலிப்பயணத்தில் நம் பள்ளத்தாக்கின் இசையும் இவ்வாறு கலந்தது.

இன்று எந்த மேடையிலும் எவரையும் கேளாமல் பாரதியைப் பாடுகிறோம். அந்த உரிமை தானே வந்ததன்று. கேட்டவரும் கொடுத்தவரும் இருந்ததால் வந்தது. நம் பாட்டுக்கும் அத்தகைய குரலும் ஈகையும் வாய்க்கட்டும்.