கிளாடு சானன்

கிளாடு எல்வுட் சானன் (ஏப்ரல் 30, 1916 – பெப்ரவரி 24, 2001) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளரும் மின்பொறியாளரும் ஆவார். தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் பரவலாக அறியப்படுகிறார். எண்முறை மின்சுற்றுகளை இயற்கணிதத்தின் துணையுடன் வடிவமைக்கும் முறைக்கு அடித்தளமிட்டார். சுற்று வடிவமைப்பில் பொறியாளருக்கு உதவும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். செயற்கை அறிவாண்மைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சானன் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோசுக்கி நகரில் பிறந்து, கேலார்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இவரது தந்தை வணிகர், நீதிபதியாகவும் பணியாற்றியவர். தாய் மொழி ஆசிரியர். கேலார்டு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தார். சிறு வயதில் முள்வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாகக் கொண்டு, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் இருந்த நண்பரின் வீட்டுடன் சானன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். 1936இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணிதம் ஆகிய இரண்டிலும் இளநிலைப் பட்டங்கள் பெற்றார். ஜார்ச் பூலின் தருக்க இயற்கணிதத்தை அங்குதான் அறிந்துகொண்டார்.

சுற்றுகளும் இயற்கணிதமும்

1936இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த சானன், வன்னெவர் புசு உருவாக்கிய வகையீட்டுப் பகுப்பி என்னும் கணிப்பொறியை இயக்கும் பணியில் ஈடுபட்டார். அக்கணிப்பொறியின் கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஆளி (சுவிட்சு) ஆகும். அக்காலத்தில் இத்தகைய சுற்றுகளை அனுபவத்தின் துணைகொண்டே வடிவமைத்தனர்.

ஆளியின் மூடிய நிலை, திறந்த நிலை ஆகிய இரண்டும் பூலின் இயற்கணிதத்தில் வரும் இரண்டு மதிப்புகளுக்கு ஒப்பானவை என்று சானன் தமது முதுநிலை ஆய்வேட்டில் (1937) காட்டினார். மாடிப்படியின் கீழும் மேலும் உள்ள இரண்டு ஆளிகளால் ஒரே விளக்கை இயக்குவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரு ஆளிகளும் வெவ்வேறு நிலையில் இருந்தால் விளக்கு எரியும், ஒரே நிலையில் இருந்தால் அணையும் என்னும் தேவையைச் சமன்பாடாக எழுதலாம். சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். சப்பானில் அகிரா நகாசிமாவும் சோவியத்து ஒன்றியத்தில் விக்டர் செசுத்தகோவும் அதே காலப்பகுதியில் தனித்தனியே இத்தகைய முடிவுகளை எட்டினர்.

சானன் 1940இல் முனைவர் பட்டம் பெற்றார். 1941இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். போர்க்காலத்தில் மறையீட்டியலில் பணியாற்றிய இவர், 1943இல் அங்கு வந்த ஆலன் தூரிங்கைச் சந்தித்தார். 1948இல் வெளியான இவரது கட்டுரை தகவல் கோட்பாட்டைத் தோற்றுவித்தது.

வடிவமைக்க உதவும் இயந்திரம்

நான்கு உள்ளீடுகளும் ஒரு வெளியீடும் கொண்ட சுற்றுக்கு 65,536 வெவ்வேறு செயற்பாடுகள் சாத்தியம். உள்ளீடுகள் ஐந்தானால் இவ்வெண் 4,294,967,296 ஆகிவிடும். உள்ளீடுகள் பெருகும்போது பெரும்பாலான செயற்பாடுகளுக்கு மிகப் பெரிய சுற்றுகள் தேவைப்படும் என்பதை 1949இல் சானன் நிறுவினார்.

இத்தகைய பணியில் துணைபுரிய, எட்வர்டு மூருடன் இணைந்து ரிலே சுற்றுப் பகுப்பி என்னும் இயந்திரத்தை உருவாக்கினார். இதனைப் பற்றிய கட்டுரை 1953இல் வெளிவந்தது. நான்கு ரிலேக்கள் வரை கொண்ட சுற்றுகளை இவ்வியந்திரம் ஆராயும். பொறியாளர் தாம் வரைந்த சுற்றையும் அச்சுற்று நிறைவுசெய்ய வேண்டிய நிபந்தனைகளையும் அதில் அமைப்பார். இயந்திரம் பின்வரும் மூன்று பணிகளைச் செய்தது:

1. சுற்று நிபந்தனைகளை நிறைவுசெய்கிறதா எனச் சரிபார்த்தல்.
2. தேவையற்ற தொடுமுனைகளைத் தேடி, அவற்றை நீக்கிச் சுற்றைச் சுருக்க முயலுதல்.
3. இத்தனை தொடுமுனைகளுக்குக் குறைவாக அச்சுற்றை அமைக்கவே இயலாது என்னும் கீழ் எல்லையைக் கணித முறைப்படி நிறுவுதல்.

செயற்கை அறிவாண்மை

1950இல் கணினிக்குச் சதுரங்கம் ஆடக் கற்பிப்பது குறித்துச் சானன் கட்டுரை எழுதினார். எல்லா நகர்வுகளையும் கணக்கிட்டு முடிப்பது இயலாது என்பதால், ஆட்ட நிலைகளுக்கு மதிப்பெண் இட்டுத் தேடும் முறையை அதில் விளக்கினார். அதே ஆண்டில் தீசியசு என்னும் இயந்திர எலியை, கணிதவியலாளரான தம் மனைவி பெட்டியின் உதவியுடன் உருவாக்கினார். புதிர்ப்பாதையில் முட்டி மோதி வழி கண்டுபிடித்த பின், மறுமுறை தடுமாறாமல் அது இலக்கை அடையும். அதன் நினைவகம் பாதைக்கு அடியில் இருந்த ரிலேக்களே ஆகும். செயற்கை அறிவாண்மை என்னும் துறைக்குப் பெயரிட்ட டார்ட்மவுத்து பயிலரங்கின் (1956) முன்மொழிவில் கையொப்பமிட்ட நால்வருள் சானனும் ஒருவர். ஏனையோர் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்சுக்கி, நத்தானியேல் ரோச்செசுட்டர் ஆவர்.

பிற்காலம்

1956 முதல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்து 1978இல் ஓய்வு பெற்றார். பந்துகளை வீசிப் பிடிப்பதிலும் ஒற்றைச் சக்கர மிதிவண்டி ஓட்டுவதிலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார். 1985இல் கியோத்தோ பரிசு பெற்றார். இறுதிக் காலத்தில் ஆல்சைமர் நோய் இவரது நினைவாற்றலைப் பறித்தது. தமது பணியால் உலகம் அடைந்த மாற்றங்களை முழுமையாக உணர இயலாத நிலையில், 2001இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் மெட்போர்டு நகரில் காலமானார்.

சில்லு வடிவமைப்பில் தாக்கம்

ரிலேயின் இடத்தைத் திரிதடையமும், 1958க்குப் பின் தொகுப்புச் சுற்றும் பிடித்தன. எனினும் சானன் பயன்படுத்திய இயற்கணிதம் மாறவில்லை. பல கோடித் திரிதடையங்கள் கொண்ட சில்லுகளை மென்பொருள் இன்றி வடிவமைக்க இயலாது. 2020இல் சினாப்சிசு நிறுவனம் செயற்கை அறிவாண்மை கொண்ட வடிவமைப்புக் கருவியை வெளியிட்டது. 2021இல் கூகுள் ஆய்வாளர்கள் சில்லின் பகுதிகளை எங்கே அமைப்பது என்பதை ஒரு விளையாட்டைப் போலக் கணினிக்குக் கற்பித்தனர். வழமையான முறைகளைவிட இது சிறந்ததா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

சானனின் மூன்று பணிகளுடன் ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தெளிவாகும். கற்கும் கருவிகள் இரண்டாம் பணியான மேம்படுத்துதலை விரைவாகச் செய்கின்றன. ஆனால், கிடைத்த விடையைவிடச் சிறந்தது இல்லை என்று அவை பொதுவாக நிறுவுவதில்லை. சுற்று சரியாக இயங்குமா என்பதையும் தனியே சரிபார்க்க வேண்டியுள்ளது. பெங்களூரு, ஐதராபாத்து, சென்னை ஆகிய நகரங்களின் சில்லு வடிவமைப்பு மையங்களிலும் சரிபார்த்தல் இன்றியமையாத ஒரு பணியாகும்.