கற்பிக்க வந்து கற்றவர்

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூருக்கு அருகில் பாடி என்னும் ஊர் உள்ளது. திருவலிதாயம் என்று தேவாரத்தில் போற்றப்பெறும் தொன்மையுடைய அவ்வூர், பிற்காலத்தில் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றது. அங்கு இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் டெமிங் பரிசைப் பெற்றது. பரிசை வழங்குவது ஜப்பான்; பரிசின் பெயரோ ஓர் அமெரிக்கருடையது. 1950இல் அந்நாட்டிற்குச் சென்று, பொருள்களின் தரத்தைக் காக்கும் முறையை விளக்கியவர் டெமிங். தமக்குக் கற்பித்தவர் அயல்நாட்டவரேயாயினும், அவரை நன்றியோடு நினைப்பது ஜப்பானியரின் நற்பண்பு. அவ்வாறு அவர்கள் நெஞ்சில் நிலைத்த ஆசிரியர் மற்றொருவர் உண்டு. டெமிங்குக்கு 60 ஆண்டுகள் முன்னரே, தலைநகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஊரொன்றில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். லாப்காடியோ ஹெர்ன் என்பது அவர் பெயர். அவருடைய வரலாற்றை இங்குக் காண்போம்.

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள், கிரேக்க நாட்டின் மேற்குக் கடலிலுள்ள லெவ்காடா என்னும் தீவில் பிறந்தார். அத்தீவின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் அயர்லாந்து நாட்டவர். ஆங்கிலப் படையில் மருத்துவராக இருந்தவர். அன்னையார் கிரேக்கப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயதானபோது தாயும் சேயும் டப்ளின் நகருக்கு வந்தனர். மொழியும் பழக்கமும் வேறுபட்ட அந்நகரில் அன்னையாரால் மனம் ஒன்றி வாழ இயலவில்லை. 1854இல் அவர் தம் நாட்டிற்குத் திரும்பிச் சென்றார். மகன் அவரை மீண்டும் காணவே இல்லை. தந்தையார் வேறொரு பெண்ணை மணந்து, பணியின் பொருட்டு இந்தியாவுக்கு வந்தார். 1866இல் இங்கிருந்து திரும்பும் வழியில் அவரும் இறந்தார். உறவினராகிய மூதாட்டி ஒருவர் பிள்ளையை வளர்த்தார்.

துன்பம் தனித்து வருவதில்லை. அதே 1866ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்த ஹெர்ன், விளையாட்டின்போது நேர்ந்த விபத்தில் இடக்கண்ணின் பார்வையை இழந்தார். எஞ்சிய வலக்கண்ணும் கூர்மை குன்றியது. எழுத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்தே அவர் வாழ்நாள் முழுவதும் படிக்கவேண்டியதாயிற்று. முகத்தின் இடப்பக்கம் பிறர் கண்ணிற் படாதவாறு திரும்பி நிற்பதும் அவருக்கு வழக்கமாயிற்று. வளர்த்த மூதாட்டியின் செல்வம் அழிந்தது. ஹெர்னின் கல்வியும் நின்றது. 19 வயதில் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

சின்சினாட்டி நகரில் உண்ண உணவும் உறங்க இடமும் இன்றி அவர் அலைந்தார். முதிய அச்சகத்தார் ஒருவர் இரக்கங்கொண்டு தம் அச்சகத்தில் இடமளித்தார். காகிதத் துண்டுகளின் குவியலே அவருக்குப் படுக்கையாயிற்று. ஆயினும் உழைப்பையும் படிப்பையும் அவர் கைவிடவில்லை. சில ஆண்டுகளில் செய்தித்தாள் எழுத்தாளராக உயர்ந்தார். செல்வரின் மாளிகைகளைக் காட்டிலும் ஏழைகளின் தெருக்களே அவர் கருத்தைக் கவர்ந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரிலும், மார்ட்டினிக் தீவிலும் வாழ்ந்து, எளிய மக்களின் பாட்டையும் கதையையும் உணவையும் பற்றி எழுதினார். வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் கட்டுரை எழுதுவதற்காக 1890ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானில் வந்திறங்கினார். விரைவிலேயே அந்நிறுவனத்தோடு ஊதியம் பற்றிய பிணக்கு நேர்ந்தது, அத்தொடர்பு அற்றது. அறிமுகமில்லா நாட்டில், கையிற் பொருளின்றி, 40 வயதில் அவர் மீண்டும் தனியராய் நின்றார்.

அக்காலத்தில் ஜப்பான் பெருமாற்றம் ஒன்றில் ஈடுபட்டிருந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி தோன்றியபின், மேலைநாட்டு அறிவைக் கற்று முன்னேறுவதென அந்நாட்டார் உறுதி கொண்டனர். மருத்துவம், சட்டம், இருப்புப்பாதை முதலியவற்றைக் கற்பிக்க அயல்நாட்டவரை ஊதியம் தந்து அழைத்தனர். ஆங்கில ஆசிரியரும் தேவைப்பட்டனர். தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராகிய சேம்பர்லின் என்னும் ஆங்கிலேயர் ஹெர்னுக்கு உதவினார். நாட்டின் மேற்குக் கரையிலுள்ள மாட்சுவே என்னும் ஊரில், மாதம் 100 யென் ஊதியத்தில், ஆங்கில ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது.

1890ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள் ஹெர்ன் மாட்சுவேயை அடைந்தார். அது ஏரிக்கரையில் அமைந்த அழகிய ஊர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்ற கோட்டை ஒன்று அங்கு ஓங்கி நின்றது. ஆற்றங்கரை விடுதி ஒன்றில் தங்கிய ஹெர்ன், ஊரை முதலில் தம் செவிகளால் அறிந்தார். விடியற்காலையில் நெல் குற்றும் உலக்கையின் ஓசை கேட்கும். பின்பு கோவில் மணி ஒலிக்கும். அடுத்துக் காய்கறி விற்போரின் கூவல் எழும். ஆற்றில் முகங்கழுவி, எழும் கதிரவனை நோக்கிக் கைதட்டி வணங்குவோரின் ஒலி தொடரும். பாலத்தின்மேல் மரச்செருப்புகள் எழுப்பும் தாளமும் கேட்கும். கண்ணொளி குன்றியவருக்கு இவ்வோசைகளே அவ்வூரின் ஓவியமாயின.

நடுநிலைப் பள்ளி ஒன்றிலும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் அவர் கற்பித்தார். அவருக்கோ ஜப்பானிய மொழி தெரியாது. மாணவருக்கோ ஆங்கிலம் சிறிதே தெரியும். நிஷிதா செந்தாரோ என்னும் உடனாசிரியர் இருவருக்கும் இடையே பாலமாக விளங்கினார். ஊர் வழக்கங்களை விளக்கியும், நோயுற்றபோது உதவியும், நிஷிதா அவருக்கு உற்ற நண்பரானார். வகுப்பில் ஹெர்ன் நுழைந்ததும் மாணவர் எழுந்து தலைதாழ்த்தி வணங்குவர். அவர் எளிய சொற்களைத் தேர்ந்து, மெல்லப் பேசிப் பாடம் சொல்வார். அவருடைய பெயரை எழுதிய முறையால் அதனை ஹெருன் என்றே ஊரார் ஒலித்தனர். அவர் அதனைத் திருத்த முற்படவில்லை. அப்பெயரை மகிழ்வோடு ஏற்றார்.

மாணவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளே அவருக்குப் பெருஞ்செல்வமாயின. சொற்பிழைகளைத் திருத்துவதற்காக ஏடுகளைக் கையில் எடுத்தவர், அவற்றில் ஒரு நாட்டின் உள்ளத்தையே கண்டார். பியோனி மலரைப் பற்றி எழுதிய மாணவன் ஒருவன், அம்மலர் காண்பதற்கு அழகியதேனும் அதன் மணம் இனியதன்று என்றும், ஆதலின் புறவழகை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது என்றும் எழுதியிருந்தான். மணமற்ற மலரைத் திருவள்ளுவர் உவமையாக எடுத்தாண்டதை நாம் அறிவோம். அதுபோலவே, அச்சிறுவரும் தம் முன்னோர் வழங்கிய உவமைகளையும் அறங்களையும் கொண்டே சிந்தித்தனர் என்பதை ஹெர்ன் உணர்ந்தார். அன்றுமுதல், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், ஜப்பான் என்னும் நூலைக் கற்கும் மாணவராகவும் ஆனார்.

அவருடைய மாணவருள் மிகச் சிறந்த ஒருவன் கொடிய நோய்வாய்ப்பட்டான். இறக்குந் தறுவாயில் அவன் விரும்பியது தன் பள்ளியை ஒருமுறை காண்பதையே. குளிர்மிகுந்த இரவில், வேலையாள் ஒருவன் அவனை முதுகிற் சுமந்து ஆளரவமற்ற தெருக்களின் வழியே சென்றான். இருளில் பள்ளியின் கூரையும், மணியும், நான்கு ஆண்டுகள் பயின்ற வகுப்பின் சாளரமும் மங்கலாகத் தோன்றின. நோயால் மறந்திருந்த யாவும் அவன் நினைவிற்கு வந்தன. மனநிறைவோடு அவன் வீடு திரும்பினான், பின்னர் மறைந்தான். இந்நிகழ்ச்சியை ஹெர்ன் தம் நூலில் உருக்கமாக எழுதியுள்ளார். கல்வியை இவ்வளவு போற்றும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

வகுப்பிற்கு வெளியிலும் அவர் பரிவு மிக்கவர். அவர் தங்கிய விடுதியில் ஒரு சிறுமி கண்நோயால் வருந்தினாள். அவளை மருத்துவரிடம் அனுப்புமாறு அவர் வேண்டியும் விடுதிக்காரர் பொருட்படுத்தவில்லை. பார்வை இழப்பின் துயரைத் தாமே அறிந்த ஹெர்ன் சினங்கொண்டு அவ்விடுதியை விட்டு வெளியேறினார். தம் செலவிலேயே சிறுமிக்கு மருத்துவம் செய்வித்தார்.

மாட்சுவேயின் பனிக்காலம் அவருக்குக் கொடியதாயிருந்தது. மரத்தாலும் தாளாலும் அமைந்த வீட்டில், கரியடுப்பின் சிறு வெப்பம் குளிரைத் தடுக்கப் போதவில்லை. 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நோயுற்றார். அவ்வாண்டில் கொய்சுமி செட்சு என்னும் நங்கை அவருடைய இல்லத்தைப் பேண வந்தார். பின்பு வாழ்க்கைத் துணைவியுமானார். செட்சு, வறுமையுற்ற பழைய போர்வீரர் குடியிற் பிறந்தவர். இருவரும் கோட்டையருகே சோலை சூழ்ந்த பழைய வீடொன்றில் குடியேறினர். பள்ளி முடிந்து வந்ததும் மேலைநாட்டு உடையைக் களைந்து, ஜப்பானிய உடை அணிந்து, தாமரைக் குளத்தையும் தவளைகளையும் நோக்கியவாறு அமர்ந்திருப்பது ஹெர்னின் வழக்கம்.

மறுமுறை குளிர் வருமுன் அவர் வெப்பமான இடத்தை நாட வேண்டியதாயிற்று. 1891ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தெற்கிலுள்ள குமமோத்தோ நகரின் உயர்பள்ளிக்கு அவர் மாறினார். மாட்சுவேயில் அவர் வாழ்ந்தது 15 மாதங்களுக்கும் குறைவே. ஆயினும், அவரை வழியனுப்ப மாணவரும் ஆசிரியரும் படகுத்துறையில் திரண்டனர். அங்குப் பெற்ற பட்டறிவே 1894இல் வெளிவந்த அவரது பெருநூலுக்கு அடிப்படையாயிற்று. ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பாக அமைந்த பகுதி ஒன்றும் அந்நூலில் உண்டு.

பின்னர் அவர் வாழ்வில் ஒரு சோதனை வந்தது. அயல்நாட்டவராக இருந்தால் மிகுந்த ஊதியம் கிடைக்கும். ஜப்பானியக் குடிமகனாயின் அது குறையக்கூடும். ஆயினும், தமக்குப்பின் மனைவியும் மக்களும் உரிமையோடு வாழவேண்டுமென எண்ணி, 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். மனைவியின் குடிப்பெயரை ஏற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார். யாகுமோ என்பது மாட்சுவே அமைந்த பழம்பகுதியோடு தொடர்புடைய சொல். அவ்வாண்டு முதல் 1903 வரை தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அவரது பதவி முடிவுற்றபோது மாணவர் வருந்தி அவருக்காக முறையிட்டனர். வகுப்பில் அவர் கூறியவற்றை மாணவர் எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்தில் நூல்களாயின.

புதுமையை நாடி விரைந்த அந்நாளில், பாட்டிமார் சொன்ன பழங்கதைகளை இளைஞர் பலர் மறக்கத் தலைப்பட்டனர். ஹெர்ன் அவற்றைத் தேடித் திரட்டினார். ஜப்பானிய நூல்களைத் தாமே எளிதில் படிக்கும் திறன் அவருக்கு வாய்க்கவில்லை. ஆதலின் மாலை வேளைகளில் செட்சு கதை சொல்வார். நூலைப் பாராமல், தம் சொந்த நடையிலேயே சொல்லுமாறு ஹெர்ன் அவரை வேண்டுவார். இருவரும் தமக்குள் அமைத்துக்கொண்ட எளிய ஜப்பானிய மொழியிலே அக்கதைகள் வழங்கின. அவ்வாறு பிறந்ததே 1904இல் வெளிவந்த குவைதான் என்னும் கதைநூல். அந்நூல் பின்னர் ஜப்பானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டு, அந்நாட்டுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று. இழக்க இருந்த செல்வம் உரியவரிடமே மீண்டும் சேர்ந்தது.

1904ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26ஆம் நாள், தம் 54ஆம் வயதில், ஹெர்ன் தோக்கியோவில் இயற்கை எய்தினார். மாட்சுவேயில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அதனருகே நினைவுக் காட்சிச்சாலை ஒன்றும் உள்ளது. கண்ணுக்கு அருகில் ஏடு அமையவேண்டி அவர் பயன்படுத்திய உயரமான எழுதுமேசையை அங்குச் செல்வோர் காணலாம்.

தமிழ்நாட்டிற்கு வந்து தமிழராசிரியர்களிடம் தமிழ் பயின்று, 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அவர்களை நாம் அன்போடு நினைக்கிறோம். ஹெர்னும் அவ்வகைப்பட்டவரே. தம் மொழியைக் கற்பிக்க வந்தவர், கற்போரின் மொழியும் மரபும் தாழ்ந்தவை என எண்ணினாரல்லர். அதனாலேயே அவரிடம் ஆங்கிலம் கற்ற மாணவர், தம் நாட்டின் பெருமையையும் உடன்கற்றனர். பிறமொழிகளைக் கற்பது நம் கடமை; அவற்றைக் கற்குங்கால் நம் பாட்டிமாரின் கதைகளை மறவாதிருத்தலும் நம் கடமையே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மாட்சுவேயின் ஆங்கில ஆசிரியர் தம் வாழ்வால் உணர்த்தினார்.